மாமன் மடியில் படர்தாமரை

ஆடி 14, வெள்ளி

மழை. நேற்றும் மழை. முந்தாநாளும். இப்படியே போனால் வண்டிப்பெரியாறு கடலில் சேரும், நாங்கள் மீன் பிடிக்கப் போகலாம்.

ஃபாக்டரி மாடியில் பரப்பிய தேயிலை வாடவே இல்லை. காலையிலிருந்து விசிறி சுற்றுகிறது. இலை என்னவோ இப்போதுதான் செடியை விட்டு இறங்கியது போலப் பச்சையாய்க் கிடக்கிறது. எஸ்டேட் துரை வந்தார், ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தார், என்னைப் பார்த்தார், போனார். அந்தப் பார்வைக்கு ஆயிரம் பேரை நாடு கடத்தலாம்.

என் வேட்டிகளும் இலை மாதிரிதான். ஒன்று கொடியில், ஒன்று இலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்குப் பின்னால், ஒன்று இடுப்பில். எதுவும் காய்ந்தபாடில்லை. ஈரத்தையே கட்டுகிறேன், ஈரத்தையே அவிழ்க்கிறேன்.

குளிக்கும்போது கண்டது. இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, வலப்பக்கம், ஒரு வட்டம். ஓரம் சிவந்து தடித்துக் கோட்டைச் சுவர் மாதிரி. நடுவில் வெறும் மைதானம். அரிப்பென்றால் அரிப்பா அது! பத்து விரல் போதாது. இராவணன் வந்து இருபது கையால் சொறிந்தாலும் அடங்காது.

அதன் பெயரை இங்கே எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது. 'மேற்படி' என்றே இருக்கட்டும்.

சாயங்காலம் தேயிலை லாரிக்காரன் செய்தி கொண்டுவந்தான். குமுளியிலிருந்து. தங்கை பேச்சியின் குழந்தைக்கு ஆவணி 6, ஞாயிற்றுக்கிழமை, மொட்டையும் காதுகுத்தும்.

"மாமன் மடியிலதான் வைக்கணுமாம். ஒரு நா முன்னாடியே வந்துரச் சொன்னாக."

வருவேன் என்று சொல். யானை மேல் வருவேன் என்று சொல். கொட்டு மேளத்தோடு வருவேன் என்று சொல். லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போனான்.

பேச்சிக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது நான் ஒருவன்தான். தனிக்கட்டை, நாற்பது வயது, டீ மேக்கருக்கு அடுத்த டீ மேக்கர். ஏங்கிக் கிடந்து பெற்ற பிள்ளை அது. அந்த மடி என்னுடையது. இன்று ஒரு சாண் வளர்ந்துவிட்டேன்.


ஆடி 16, ஞாயிறு

மழை, நடுவில் பத்து நிமிஷம் வெயில். எல்லோரும் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள், கல்யாண ஊர்வலம் பார்ப்பது போல.

பஜாருக்குப் போய் ஆசாரியிடம் தோடு சொன்னேன். சின்னது, சிவப்புக்கல். ஆசாரி பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்படி அரித்தது. தூணில் சாய்வது போலச் சாய்ந்து, மெல்ல மெல்ல மேலும் கீழும் அசைந்தேன். ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "அட்டை கடிச்சிருச்சு" என்றேன். "எத்தன?" என்றார். நாற்பது என்றேன். நாலு என்று சொல்லியிருக்கலாம்.

மேற்படி இப்போது மூன்று வட்டம். ஒன்று முதுகுப் பக்கம் படை எடுத்துப் போகிறது.

இதுவரை பூசியவை:
எலுமிச்சம்பழமும் உப்பும். (கூரை வரை எகிறினேன்.)
மண்ணெண்ணெய். (நாற்றம் மட்டும் நின்றது.)
வண்டுகொல்லி இலை அரைத்து. (இரண்டு நாள் போட்டேன். பொறுமை இல்லை, விட்டுவிட்டேன்.)
சாம்பல்.
வசவு.

யாரிடமும் சொல்ல முடியாது. கையில் வந்தால் சொல்லலாம், கழுத்தில் வந்தால் சொல்லலாம். கல்யாணமாகாதவனுக்கு இடுப்பில் படை என்றால் கூலிக்காரர் லயத்தில் கேட்கும் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் சத்தமாகக் கேட்டுச் சிரிக்க வைத்தவனே நான்தானே.


ஆடி 18, செவ்வாய். ஆடிப்பெருக்கு

எல்லோரும் ஆற்றுக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபாக்டரியில் நானும் அடுப்புக்கார இசக்கியும்.

எனக்கு ஒரு மகா யோசனை. ஈர இலையை அள்ளாமல் விட்டால் மூலையில் பூசணம் பிடிக்கும். எப்படிப் பிடிக்கும்? வட்டமாக. ஓரம் தடித்து. மேற்படி மாதிரியே! அந்த இலைக்கு என்ன வைத்தியம்? டிரையர். சூடு. ஈரம் போனால் பூசணம் போச்சு. வருஷக் கணக்காய்த் தேயிலைக்குச் செய்கிற வைத்தியத்தை எனக்கு நானே செய்துகொள்ளத் தெரியாதா? இங்கிலீஷ் டாக்டர்கள் என் காலைக் கழுவ வேண்டிய யோசனை.

இசக்கி விறகு எடுக்கப் போன சமயம், வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, சூடு வரும் வாய்க்கு எதிரே இடுப்பைக் காட்டி நின்றேன். முதலில் சொர்க்கம். ஆகா, அரிப்பு அடங்கிற்று. பிறகு வேர்வை. தலையிலிருந்து அருவியாய் இறங்கி, நேராக மேற்படி இருக்கும் இடத்துக்கே போய்த் தேங்கியது. விடுவேனா, இன்னும் நின்றேன். இலை வறுபட எத்தனை நேரமோ அத்தனை நேரம்.

திரும்பினால் இசக்கி, தலையில் விறகோடு.

"என்ன பிள்ளைவாள், பொறத்தால காட்டிட்டு நிக்கிய?"

"குளிர்லே."

"குளுருக்கு முன்னாலல்லா காயணும்?"

"முன்னால காஞ்சாச்சு. இப்ப இந்தப் பக்கம்."

இசக்கி விறகைப் போட்டான். அடுப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஒரே பக்கம் கருகிராம" என்றான்.


ஆடி 20, வியாழன்

மகா யோசனையின் பலன்: வட்டங்கள் ஒன்றோடொன்று கை கோத்துவிட்டன. முதுகில் எத்தனை என்று தெரியவில்லை, கண்ணாடி எட்டவில்லை. வேர்வை குடித்துக் கொழுத்துவிட்டது மேற்படி. தாமரைக்குத் தண்ணீர் காட்டியவன் நானே.

நாளெல்லாம் கதவு மூலை, தூண் மூலை, மெஷின் மூலை. எருமைக்கு வெட்கமில்லை. எனக்கு இருக்கிறது.


ஆடி 22, சனி

எஸ்டேட் ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் வர்க்கி நல்லவர், வெள்ளைச் சட்டை, கோட்டயம் பக்கம். ஒரே குறை, அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. ஜன்னலுக்குள்ளிருந்து அவர் சொல்லும் நோய் மூன்றாவது மலைக்குக் கேட்கும்.

என் முன்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசை. என் பின்னாலும். எல்லோரையும் போகவிட்டுக் கடைசியாய் நிற்கலாம் என்று பார்த்தால், "பிள்ளைக்கு வேல இருக்கும், முன்ன விடுங்க" என்று தள்ளிவிட்டார்கள். மரியாதையும் சில நேரம் கழுத்தறுக்கும்.

"எந்தா?" என்றார் வர்க்கி.

"படை. ஒரு சிநேகிதனுக்கு."

"சிநேகிதன் எவிடெ?"

"அவனால வர முடியல."

"நடக்க வய்யாயோ? படைக்கு நடக்க முடியும். எவிடெயாணு படை?"

"இடுப்புல."

"இடுப்பிலயோ!" ஊரே கேட்டது. "எத்ர வலுப்பம்?"

கையால் காட்டினேன். காட்டிய கை அப்படியே இறங்கி, என்னை அறியாமல், சொறிந்துவிட்டது. பின்னால் ஒரு குரல்:

"சிநேகிதருக்கு அரிச்சா இவுக ஏன் சொறியுதாக?"

இன்னொரு குரல்: "அவ்வளவு பாசம்டி."

சிரிப்பு. காது மடல் எரிந்தது. பூமி பிளக்கவில்லை. அவசரத்துக்கு ஒருநாளும் பிளக்காது.

வர்க்கி ஒரு தகரச் சிமிழில் பழுப்பு மஞ்சளாய் ஒரு களிம்பு கொடுத்தார். கோவாப் பொடியைக் குழைத்ததாம். ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்: கொஞ்சம்தான் போட வேண்டும். கையைக் கழுவ வேண்டும். கண்ணில் படக்கூடாது, பட்டால் கண் வீங்கும். தோலும் துணியும் கறைபடும், போகாது. அவன் துணியை வேறு ஆள் கட்டக் கூடாது. ஈர வேட்டி வேண்டவே வேண்டாம். பின்னே...

"பின்னெ, சின்னக் குட்டிகளெ எடுக்கருது. மடியில வைக்கருது."

வைக்கருது என்றால் அவர் பாஷையில் வைக்கவே கூடாது என்று.

"மொட்டை போட்ட குழந்தையா இருந்தா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐயோ! மழிச்ச தலையில் கேறியால் முடி அவிடவிட போகும். சொட்டை சொட்டையாய். பெண்குட்டியோ?"

தலையை ஆட்டினேன்.

"கஷ்டம்" என்றார். "சிநேகிதனோடு பறயணும். தோலெல்லாம் உரிஞ்சு, வெளுத்து, அதுக்குப் பிறகும் ஒரு மாசம்."

காதுகுத்துக்கு இருப்பது இரண்டு வாரம்.


ஆடி 23, ஞாயிறு

கொஞ்சம் போட்டால் ஒரு மாசம் என்றால், நிறையப் போட்டால்? கணக்குத் தெரியாதவனா நான்! சிமிழில் பாதியை இடுப்பைச் சுற்றி அப்பினேன். முதுகுக்குக் குச்சியில் துணி சுற்றித் தடவினேன். மன்மத தகனம் என்பார்களே, அதை என் இடுப்பில் நடத்தினார்கள். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் மூன்று உலகமும் அளந்தேன்.

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தேன்.

கையைக் கழுவவில்லை.


ஆடி 25, செவ்வாய்

இரண்டு கண்ணும் பணியாரமாய் வீங்கிவிட்டன. இன்றுதான் கீற்றாகத் திறக்கிறது. எழுத்து கோணல்.

நேற்று தடவித் தடவி ஃபாக்டரிக்குப் போனேன், போகாவிட்டால் துரை ஆளனுப்புவார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு. மருந்து என்று சொன்னால் என்ன மருந்து என்பார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே ஆரம்பித்தது: ஆற்றங்கரைப் பாறையில் ஒரு நாகம். பனைமர உயரம். எதிரே நின்று என் கண்ணைப் பார்த்தே துப்பியது.

"பனமரமா!"

"இல்லடா, தென்னைமரம்தான். குட்டை இல்லை, நெட்டை."

மத்தியானத்துக்குள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒரு கிழவி என் கண்ணைச் சுற்றித் திருநீறு போட்டாள். என்னை நாகதேவதை தேர்ந்தெடுத்ததாம். இசக்கி மட்டும் எட்ட நின்று, "கரிஞ்ச வாடை வருதே" என்றான்.

வேட்டியின் உள்பக்கமெல்லாம் செம்பழுப்புக் கறை. இடுப்புத் தோல் கத்தரிப்பூ நிறம். இப்படி ஒரு நிறத்தை மனிதனுக்குக் கடவுள் கொடுத்ததில்லை.


ஆடி 28, வெள்ளி

அரிப்பு குறைந்திருக்கிறது. அது உண்மை. தோல் உரிகிறது, ஆனால் ஓரத்தில் சிவப்பு இன்னும் உயிரோடு. முதுகில் எப்படி என்று தெரியாது.

இரண்டு நாளாக ஒரே யோசனை. போகாமல் இருந்தால்? மாமன் வரவில்லை என்றால் பேச்சியின் மாமியார் விடுவாளா. ஏற்கெனவே அந்தம்மாள் சொன்ன பேச்சுகள் எனக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. போனால்? வெற்று உடம்போடு, புது வேட்டி கட்டி, மழித்த தலையை இந்த இடுப்பில் சாய்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வேட்டி மறைக்கும். யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் குழந்தையின் தலையில் வட்டம் வட்டமாக வந்தால்தான் தெரியும். அப்போதும் என்னால் என்று தெரியாது.

யாருக்கும் தெரியாது என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன்.

லாரிக்காரனிடம் சொல்லியனுப்பினேன்: ஃபாக்டரியில் மெஷின் கழற்றி மாட்டும் வேலை, துரை விடவில்லை, பெரியப்பா மகனை மடியில் வைக்கச் சொல்.

மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.


ஆடி 30, ஞாயிறு

பேச்சியே வந்துவிட்டாள்.

லாரியில் முன்பக்கம் உட்கார்ந்து, குழந்தையைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு, மழையில். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இறங்கினாள், கம்பளியை விலக்கிக் குழந்தையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இந்தாண்ணே, புடி."

தலை நிறைய முடி. சுருட்டை. என்னைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தது. நான் இரண்டடி பின்னால் போனேன்.

"கை அழுக்குத்தா."

"கழுவிட்டு வா. நிக்கிறேன்."

கழுவப் போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. குழந்தை காலை உதைத்துக்கொண்டே என் பக்கம் தாவியது.

"ஏன்ணே?"

"விரதம்."

"என்ன விரதம்?"

"ஒரு மண்டலம் பச்சப் புள்ளயத் தொடக் கூடாது. மலை மேல ஒரு சாமியாரு சொன்னாரு. தாடி முழங்கால் வரைக்கும்..."

தாடி வரைக்கும் வந்ததும் நானே நிறுத்திக்கொண்டேன். அவள் முகம் என்னவோ ஆகிவிட்டது.

"பொம்பளப் புள்ளன்னுதான?"

"ஐயையோ, பேச்சி..."

"ஆம்பளப் புள்ளயா இருந்தா இந்நேரம் லாரிக்கு முன்னால ஓடி வந்திருப்ப. எங்க மாமியா சரியாத்தான் சொன்னா. ஒங்க அண்ணனுக்கு வாயிதான் வரும், மடி வராதுன்னா. நான் அவகூடச் சண்ட போட்டுக்கிட்டு வந்திருக்கேன். மெஷின் கழட்டுறாகளாம்! இங்க கேக்குதே மெஷின் சத்தம்."

கேட்டது. மழைச் சத்தத்துக்கு மேலே நன்றாகவே கேட்டது.

ஒரே வாக்கியம். எனக்குப் படர்தாமரை, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பனைமரப் பாம்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய வாய்க்கு அந்த நாலு சொல் வரவில்லை. தங்கையிடம் இடுப்பு என்று எப்படிச் சொல்ல. எங்கே போய் வாங்கினாய் என்று அவள் கேட்கமாட்டாள். கேட்காமல் நினைப்பாள்.

குழந்தையைத் திரும்பச் சுருட்டிக்கொண்டாள். லாரி கிளம்பும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

 


ஆவணி 2, புதன்

வேலை. மழை விட்டு விட்டு. மருந்து, இம்முறை பட்டாணி அளவு. கை கழுவினேன், இரண்டு முறை.

இசக்கி கேட்டான், "தங்கச்சி அழுதுட்டுப் போச்சே, என்ன?"

நாகம் என்று தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன். அவன் மீதிக்குக் காத்திருக்கவும் இல்லை.


ஆவணி 5, சனி. குமுளி

வந்துவிட்டேன். தோடு, பட்டுத்துணி, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புதுக் கம்பளி. துரையிடம் கேட்டதும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை மாயாண்டி, "வாங்க மச்சான், யானையக் காணமே?" என்றார். சிரித்தேன். ஏலக்காய் வாசனை வீடு முழுக்க. ஆட்களும் வீடு முழுக்க. சம்பந்தியம்மாள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, "வந்துட்டாரே" என்றாள், ஆச்சரியமாக.

பேச்சியைத் தனியே பிடித்துச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். இலை போட்டாள். பரிமாறினாள். "பேச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சாப்பிடு" என்றாள். மறுபடி வாயெடுத்தேன். ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். பாய் வேண்டாம், சாக்கு போதும் என்றேன். சாக்கை எரித்துவிடலாம். பாயை எரிக்க முடியாது.


ஆவணி 6, ஞாயிறு

எல்லாம் முடிந்தது.  எழுதிவிடுகிறேன்.

கோயில் வாசலில் சமுக்காளம். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு. குமுளி ஆசாரி ஊசியோடு. ஒரு முப்பது பேர். எனக்குப் புது வேட்டி கொடுத்தார்கள். வெள்ளை! கட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றித் துண்டும் இறுக்கிக்கொண்டு வந்து நின்றேன். மாமன் உட்காரட்டும் என்றார்கள். உட்கார்ந்தேன். பேச்சி குழந்தையை எடுத்து வந்தாள். என்னைப் பார்க்காமலே குனிந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "என் மடியில வைக்காதீக. எனக்குப் படர்தாமரை. இடுப்பெல்லாம். பிள்ளைக்கு ஒட்டிக்கும்."

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறை.

 சிரிப்பு. முப்பது பேரும்! மாயாண்டியின் சித்தப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டு, "தாமரையா? எத்தன இதழு?" என்றார்.

"ஆயிரம் இதழா இருக்கும், அவுகளுக்கு எதுதான் கொறச்சலு."

"தாமர மேல உக்காந்தா நம்ம புள்ள லச்சுமில்ல!"

"மச்சான், வெளையாட்ட அப்பறம் வச்சுக்கலாம். நல்ல நேரம் போகுது" என்றார் மாயாண்டி, அவரும் சிரித்துக்கொண்டே.

நான் இத்தனை வருஷமாகச் சொன்ன புலி, யானை, நாகம் எல்லாவற்றையும் இவர்கள் நம்புகிறார்கள் என்று எண்ணியிருந்தேன். ஒன்றைக்கூட நம்பியதில்லை. சும்மா ரசித்திருக்கிறார்கள்.

குழந்தையின் பாதம் என் வேட்டிக்கு ஒரு சாண் மேலே. துள்ளி எழுந்தேன். துண்டை அவிழ்த்தேன். வேட்டிக் கட்டுக்குள் விரலிட்டு இறக்கி, இடுப்பைக் காட்டினேன். வலப்பக்கம், இடப்பக்கம். திரும்பி முதுகையும் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. அப்படி நின்ற சிரிப்பை நான் கேட்டதில்லை. யாரோ "சீ" என்றார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாவிதர் மட்டும் எட்டிப் பார்த்தார், தொழில் அக்கறையோடு.

பேச்சி குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"மழிச்ச தலையில ஏறுனா சொட்ட சொட்டயா விழுமாம்" என்றேன். "அன்னைக்கு அதுக்குத்தான் புள்ளய வாங்கல. விரதம் பொய். சாமியாரு பொய். மெஷினும் பொய்."

சம்பந்தியம்மாள் முன்னால் வந்தாள். முப்பது பேர் மனதில் இருந்ததை அவள்தான் கேட்டாள்.

"எங்க போயி வாங்குனீரு இத?"

"ஈர வேட்டிம்மா. வேற எங்கயும் இல்ல."

இதையும் நம்பினார்களோ என்னவோ. யாரோ இருமினார்கள். அந்த இருமலை நான் செத்தாலும் மறக்கப் போவதில்லை. வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டேன். முடிச்சுப் போட வரவில்லை, இரண்டு தரம் நழுவியது.

"பெரியப்பா மகன் உக்காரட்டும்" என்றேன்.

"அதெப்படி?" என்றாள் சம்பந்தியம்மாள். "மாமன் மலையாட்டம் நிக்கையில இன்னொருத்தன் மடியில வச்சா ஊரு என்ன பேசும்? என் பேத்திக்கு மாமன் இல்லயாம்பாக. உக்காரும். டேய், பெரிய தாம்பாளத்த எடுத்தா."

என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. முகத்தில் அருவருப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் சொன்னாள்.

சம்மணமிட்ட என் காலின் மேல், நான் கொண்டுவந்த புதுக் கம்பளி நாலாய் மடித்து. அதன் மேல் பித்தளைத் தாம்பாளம். அதில் பச்சரிசி. அரிசி மேல் பட்டு. பட்டு மேல் அவள். என் கை தாம்பாளத்தின் விளிம்பில் மட்டும். பின்னாலிருந்து பேச்சி குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். திருவாங்கூர் மகாராஜாவுக்குக்கூட இத்தனை அடுக்கு கிடையாது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

முடி விழுந்தது, அரிசி மேல். ஊசி குத்தியது, ஒரு காது, மறு காது. வீறிட்டாள். கால் மரத்துப்போய் எனக்கும் கண்ணில் தண்ணீர். துடைக்கவில்லை. கை தாம்பாளத்தை விடவில்லை.

முடிந்ததும் சம்பந்தியம்மாள், "கம்பளிய நீரே எடுத்துட்டுப் போயிரும்" என்றாள்.

பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே இருந்தது. மாயாண்டி வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கழித்து.  அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் போட்டார்.

"சீ" சொன்னது யார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தெரியாமலிருப்பது நல்லது.


ஆவணி 7, திங்கள். குமுளி

தூறல். லாரிக்குக் காத்திருக்கிறேன். சாக்கை எரித்தாயிற்று. புது வேட்டி கறையோடு, கம்பளி, இரண்டும் மூட்டையில்.

பேச்சி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மொட்டைத் தலை சந்தனத்தோடு. காது சிவந்து, சிவப்புக்கல்லோடு. கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"இத எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா?"

"வாய் வரலத்தா."

"ஒனக்கா?"

 குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது. என் கை தானாக எழுந்தது.

"கையக் கீழ போடுண்ணே" என்றாள். கோபமில்லை. சிரிப்புமில்லை. "மொதல்ல நல்லாக்கிட்டு வா. நீ வந்து தூக்க முடியாட்டிப் போகுது. அதுக்குள்ள இவளே நடந்து வந்துருவா."

லாரி வந்துவிட்டது.